மூடாத ஐந்து பாத்திகள்

உபதேசம் கேட்டு மலையேறிய ஒருவருக்கு மண்வெட்டி கிடைத்த கதை இது.

குற்றாலிங்கம் திருநெல்வேலிப் பக்கத்தில் பேர் பெற்ற தவசுப்பிள்ளை. நாற்பது வருஷம் கல்யாணச் சமையலில் கரண்டி பிடித்தவர். அவர் பந்தியில் ‘இல்லை’ என்ற சொல்லே கிடையாது. ஐந்நூறு பேர் என்று சொல்லிவிட்டு எழுநூறு பேர் வந்து உட்கார்ந்தாலும், கடைசி இலைக்கும் சாம்பார் போகும். எப்படிப் போகும் என்பது அவருக்கும் அவருடைய வெந்நீர் அண்டாவுக்கும் மட்டுமே தெரியும்.

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று அள்ளி ஊற்ற யாராலும் முடியும். குறைந்துபோனதை ஒருத்தருக்கும் தெரியாமல் நீட்டுவதில்தான் குற்றாலிங்கத்துக்குப் பெருமை.

மனைவி இறந்த பிறகு அந்தப் பெருமை போதாமல் போயிற்று. அறுபதாவது வயதில், கொடைக்கானலுக்கும் அப்பால் மேல்மலையில் இருந்த வீராயி அம்மாவின் மடத்துக்கு வந்து சேர்ந்தார்.

மடம் என்றதும் கோபுரத்தையும் யானையையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம் ஒன்று, பக்கத்தில் ஒரு சமையல் கொட்டகை, பின்னால் மலைச்சரிவில் வெட்டிய தோட்டம். அவ்வளவுதான். வீட்டார் வேண்டாம் என்று விட்டவர்கள் பத்தொன்பது பேர் அங்கே இருந்தார்கள். வீராயி அம்மா அந்த மலையிலேயே பிறந்தவர். குற்றாலிங்கத்தைவிடப் பதினைந்து வயது இளையவர். அவர் இவரை அண்ணே என்பார். இவர் அவரை அம்மா என்பார்.

வந்த அன்றைக்கே குற்றாலிங்கம் தரையில் விழுந்து வணங்கி, தனக்கு ஒரு உபதேசம் வேண்டும் என்று கேட்டார். அம்மா ஒரு மண்வெட்டியை எடுத்துக் கொடுத்து, மேலே எட்டுப் பாத்தி இருக்கிறது என்றார். சமையல் கொட்டகையை யாரும் கொடுக்கவில்லை. அதை அவராகவே எடுத்துக்கொண்டார். மீனுக்கு நீச்சல் சொல்லிக் கொடுக்க வேண்டுமா என்ன?

அந்த ஐப்பசி மழை பொல்லாத மழை. கேரட்டும் பூண்டும் போட்டிருந்த கீழ்த் தோட்டம் மண்ணோடு வழித்துக்கொண்டு போயிற்று. கார்த்திகையில் மலைப்பாதை மூன்று இடத்தில் சரிந்தது. அரிசி கொண்டுவரும் வண்டி நின்றது. பாதையைச் சீராக்குவதற்குள் தை மாதம் முடிந்துவிடும் என்று செய்தி வந்தது. மடத்தில் மிச்சம் இருந்தவை இரண்டு மூட்டை அரிசியும், மேலே எட்டுப் பாத்தியில் நின்ற உருளைக்கிழங்குச் செடிகளும்தான். கிழங்கு தை கடைசியில்தான் தேறும். அந்தப் பாத்திகள் பிழைத்தால் பத்தொன்பது பேரும் பிழைப்பார்கள். இதைக் குற்றாலிங்கத்துக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அரிசிப் பானைக்குள் தினம் கையை விடுகிறவர் அவர்தானே.

மார்கழி பாதியில் ஒரு நாள் மத்தியானம் வானம் துடைத்து வைத்ததுபோல் ஆகிவிட்டது. காற்று நின்றது. வீராயி அம்மா மேலே பார்த்துவிட்டு, இனி உறைபனி விழும் என்றார். அன்றைக்குத்தான் அவர் சரிவைச் சுற்றி நடந்து, கீழ் ஊரில் அரிசி கேட்டு வரப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்.

பனிக்கு மலையில் ஒரு வழக்கம் உண்டு. பொழுது சாய்வதற்குள் காய்ந்த பெரணித் தழையையும் பழைய சாக்கையும் செடிமேல் ஒரு கை கனத்துக்குப் போட்டு மூடுவார்கள். காலையில் எடுத்துவிடுவார்கள். அந்த வருஷம் பெரணிக்காடும் மழையோடு போயிருந்தது.

“இருக்கற மூடாக்கு மூணு பாத்திக்குத்தான் வரும்ணே” என்றார் அம்மா.

“மத்த அஞ்சு?”

“வராது.”

“எந்த மூணும்மா மூடணும்?”

“நட்டது நீங்க. நீங்கதான் சொல்லணும்.”

சொல்லிவிட்டுச் சும்மாட்டுத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார்.

குற்றாலிங்கம் எட்டுப் பாத்தியையும் சுற்றிச் சுற்றி வந்தார். விதைக்கிழங்கைக் கண் பார்த்து அறுத்து, சாம்பல் தடவி, குனிந்து நிமிர்ந்து இடுப்பு ஒடிய நட்டது அத்தனையும் அவர் கை. எந்த ஐந்தை விடுவது? நாற்பது வருஷப் பழக்கம் அவருக்கு வழி சொல்லிற்று. மூன்று பாத்திக்கு வரும் மூடாக்கை எட்டுக்கும் பரப்பினார். சாக்கைப் பிரித்தார். பெரணியை ஒவ்வொரு குச்சியாக உதறி உதறிப் போட்டார். குனிந்து பார்த்தால் ஊடே இலை தெரிந்தது. ஆனாலும் ஒரு பாத்திகூட வெறுமையாக இல்லை.

தோட்டத்திலிருந்து இறங்கி வந்ததும் மாயாண்டியிடம் அதைச் சொன்னார். மாயாண்டி எழுபத்தைந்து வயதுக்காரர். இடிந்துபோன அந்த மலைப்பாதையை இளவயதில் கல் சுமந்து போட்டவர்களில் ஒருவர். இப்போது நெஞ்சுச் சளியோடு படுக்கையில் கிடந்தார். தினம் சாயங்காலம் குற்றாலிங்கம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கல்யாணத்தின் சாப்பாட்டை இலை போட்டது முதல் தாம்பூலம் வரை சொல்ல வேண்டும். கிழவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். நடுவில் எதையாவது விட்டுவிட்டால், ஏப்பா, பச்சடி எங்கே என்பார். மடத்தில் குற்றாலிங்கத்துக்குச் சிநேகிதர் என்று இருந்தது அவர் ஒருவர்தான்.

எட்டுக்கும் போட்டாயிற்று என்று கேட்டதும் கிழவர் சிரித்தார். பந்தி வைத்த கை பந்திதான் வைக்கும் என்றார். குற்றாலிங்கத்துக்கு அது சந்தோஷமாக இருந்தது.

காலையில் மலை முழுக்க உப்புக் கொட்டியதுபோல் வெளுத்துக் கிடந்தது. அழகாகத்தான் இருந்தது. வெயில் ஏறிய ஒரு மணி நேரத்தில் எட்டுப் பாத்தியும் கொதிநீர் ஊற்றிய கீரைபோல் துவண்டு கறுத்தன. ஒன்றுகூட மிச்சமில்லை. எல்லாவற்றுக்கும் சமமாகப் போட்டிருந்தார் அல்லவா, எல்லாம் சமமாகவே போயிற்று. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பதை அவர் எத்தனையோ கல்யாண வீட்டாருக்குச் சொன்னதுண்டு.

வீராயி அம்மா மூன்றாம் நாள் தலையில் ஒரு சின்ன மூட்டையோடு வந்தார். கீழ் ஊரிலும் பஞ்சம்தான். தோட்டத்துக்கு வந்து பார்த்தார். குற்றாலிங்கம் வரப்பில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

“எல்லாத்துக்கும் போட்டேன்மா.”

“தெரியுது.”

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு. அம்மா மண்டியிட்டு ஒரு தண்டின் அடியை நகத்தால் கீறினார். உள்ளே பச்சை இருந்தது. தளிர் வரும் என்றார். இன்னொரு பனி விழுந்தால் வராது என்றும் சொன்னார். பிறகு வரப்பில் உட்கார்ந்துகொண்டார். அவர் எதற்காகக் காத்திருக்கிறார் என்பது குற்றாலிங்கத்துக்குப் புரிந்தது.

பொழுது சாயத் தொடங்கிய பிறகுதான் குற்றாலிங்கம் எழுந்தார். கல்சுவரை ஒட்டிய மூன்று பாத்திகளில் காற்று குறைவு. அந்த மூன்றும் என்று கையைக் காட்டினார். மற்ற ஐந்தின் மேல் கிடந்ததை அவரே உருவ வேண்டியிருந்தது. குளிரில் கிடக்கிறவர்கள் மேலிருந்து போர்வையை இழுப்பதுபோல் இருந்தது. ஒவ்வொரு சாக்கையும் எடுக்கும்போது வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். மன்னிப்புக் கேட்டிருப்பார். யார் கண்டது?

அடுத்த பனியில் மூன்று பாத்தி பிழைத்தது. சாக்கைத் தூக்கிப் பார்த்தபோது சின்னக் குழந்தையின் காதுபோலத் தளிர்கள் நின்றன. குற்றாலிங்கம் அன்றைக்கு வாய்விட்டுச் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் தோட்டத்துக்குச் சுவரோரப் பாதையிலேயே போய்வந்தார். அந்த வழியில் ஐந்து பாத்தியும் கண்ணில் படாது. வீராயி அம்மா விடியுமுன் எழுந்து ஓடைப் பக்கம் போவது மட்டும் தெரியும். குளிக்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டார்.

தைப் பனி தரையைத் துளைக்கும் என்பார்கள். தை பிறந்தது. மூன்று பாத்திக் கிழங்கு பத்தொன்பது பேருக்கும் காணாது என்பது தெரிந்துபோயிற்று. குற்றாலிங்கம் கஞ்சியில் தண்ணீரை ஏற்றிக்கொண்டே போனார். ஆளுக்கு ஒரு குவளை நிறையக் கொடுத்தார். குவளைக்குள் முகம் தெரிந்தது.

செவ்வந்தி என்றொரு பெண் அங்கே இருந்தாள். புருஷன் வீட்டார் துரத்திவிட, வயிற்றுப் பிள்ளையோடு மலையேறி வந்தவள். பிள்ளைக்கு இப்போது மூன்று மாசம். அவளுக்குப் பால் வற்றியது. பிள்ளை முதல் இரண்டு நாள் வீரிட்டு அழுதது. மூன்றாம் நாள் அழுகை முனகலாகிவிட்டது. அந்த முனகலைத்தான் குற்றாலிங்கத்தால் தாங்க முடியவில்லை.

பாத்தியில் படித்த பாடத்தை அடுப்படிக்குக் கொண்டுவந்தார். செவ்வந்திக்குக் கெட்டிக் கஞ்சி, இரண்டு குவளை. விறகு வெட்டுகிறவர்களுக்கும் தண்ணீர் சுமக்கிறவர்களுக்கும் ஒரு குவளை. படுக்கையில் கிடக்கிறவர்களுக்குப் பாதி. இதை அம்மாவிடம் போய்ச் சொன்னார். உள்ளுக்குள் ஒரு எதிர்பார்ப்பும் இருந்தது. உபதேசத்தைப் பிடித்துக்கொண்டேன் பார்த்தீர்களா என்பதுபோல.

வீராயி அம்மா ஒன்றுதான் கேட்டார்.

“மாயாண்டி அண்ணனுக்கும் பாதியா?”

“பாதிதாம்மா.”

“சரி. எனக்கும் பாதியாக்கிருங்க.” எழுந்து போகும்போது, “அவர்ட்ட நீங்களே போய்ச் சொல்லிருங்க” என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் மாயாண்டி குவளையை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, வழக்கம்போல் இன்னொரு கரண்டி கேட்டார்.

“இல்ல” என்றார் குற்றாலிங்கம்.

நாற்பது வருஷமாக வராத சொல். வந்துவிட்டது. கிழவர் அவரை நிமிர்ந்து பார்த்தார். கோபம் ஒன்றும் இல்லை. வேடிக்கை பார்க்கிறவர்போல் இருந்தார்.

“ஏப்பா தவசுப்பிள்ள, உன் வாயிலயும் அந்தச் சொல்லு இருக்கா?”

குற்றாலிங்கம் குவளையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அன்றைக்கு அவர் கல்யாணச் சாப்பாடு எதையும் சொல்லவில்லை. பாதி வயிற்றோடு கிடக்கிறவனுக்கு எதைச் சொல்வது, அவியலையா, பாயசத்தையா? மறுநாள் முதல் கிழவரின் குவளையைச் செவ்வந்தியிடம் கொடுத்தனுப்பினார். அவளிடம் கிழவர், தவசுப்பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டாராம். அவள் வந்து சொன்னாள். குற்றாலிங்கம் அடுப்பில் இன்னொரு விறகைத் தள்ளினார். மறுநாளும் கேட்டாராம். மூன்றாம் நாள் கொட்டகைக்கே அவர் இருமல் சத்தம் கேட்டது. பத்தடி தூரம்தான். போகலாம் என்று எழுந்தவர் வாசல்வரை போய்விட்டு, அரிசி களைய உட்கார்ந்துவிட்டார்.

அவர் கல் நெஞ்சக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது. அந்த முகத்தைப் பார்த்தால் மறுபடியும் கரண்டி நீண்டுவிடும் என்ற பயம். அப்படியே ஒன்பது நாள் போயிற்று.

செவ்வந்திக்குப் பால் ஊறிற்று. பிள்ளை மறுபடியும் வீரிட்டு அழத் தொடங்கியது.

பத்தாம் நாள் காலை. கடுமையான பனி. தண்ணீர்த் தொட்டியின் மேல் கண்ணாடிபோல் ஆடை கட்டியிருந்தது. செவ்வந்தி கிழவரின் குவளையை அப்படியே திருப்பிக் கொண்டுவந்து அடுப்படியில் வைத்தாள். மாமா எழுந்திருக்கவில்லை என்றாள். குற்றாலிங்கம் போனார். கிழவர் சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தார். கை கால் விறைத்துவிட்டிருந்தது. நேற்று ராத்திரியோ, விடியும்போதோ, அதைச் சொல்ல யாரும் இல்லை.

அம்மாவைத் தேடி ஓடினார். குளிக்கும் இடத்தில் அம்மா இல்லை. ஓடையிலிருந்து தோட்டத்துக்கு ஒரு ஈரத்தடம் போயிற்று. அதைப் பிடித்துக்கொண்டு ஏறினார். அந்தத் தடம் சுவரோரமாகப் போகவில்லை.

மூடாத ஐந்து பாத்தியின் நடுவில் வீராயி அம்மா குடத்தோடு நின்றார். கறுத்து, காய்ந்து, மண்ணோடு ஒட்டிக் கிடந்த தண்டுகளின் மேல் பனி வெள்ளையாகப் படிந்திருந்தது. அவர் ஒவ்வொரு செடியாகக் குனிந்து, கையால் தண்ணீரை அள்ளி, மெதுவாகப் பனியைக் கழுவிக்கொண்டிருந்தார். வெயில் படுவதற்கு முன் கழுவிவிட்டால் ஒன்றிரண்டு செடியாவது தப்பும் என்பது மலையில் எல்லாருக்கும் தெரிந்த கைவேலை. ஆனால் அங்கே தப்புவதற்கு ஒன்றும் இல்லை. ஐந்து பாத்தியும் செத்து ஒரு மாசம் ஆகப்போகிறது. அம்மாவின் விரல்கள் சிவந்து, கணுவுக்குக் கணு வெடித்திருந்தன. ஒரு நாள் வேலையில் வந்த வெடிப்பு இல்லை அது.

“மாயாண்டி போயிட்டாரும்மா.”

அம்மா குடத்தைக் கீழே வைத்தார். கண் நிறைந்தது. அதைத் துடைக்கவில்லை. பிறகு குனிந்து அந்த வரிசையில் மிச்சமிருந்த செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார். குற்றாலிங்கத்துக்கு ஆத்திரம் வந்தது.

“செத்த செடிக்குப் போயி தண்ணி ஊத்துதியளே. இதுல என்னம்மா பிரயோசனம்?”

“ஒண்ணுமில்லண்ணே.”

“பிறகு எதுக்கு?”

“மூடறதுக்குத்தான் நம்மகிட்ட இல்ல. வர்றதுக்குக் கால் இருக்குல்ல.”

குற்றாலிங்கம் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். கிழக்கே மேட்டில் வெயில் தொட்டுவிட்டது. ஒன்பது நாளாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்ததை அப்போதுதான் அவரால் கேட்க முடிந்தது.

“நான் பாதிக் கஞ்சி குடுத்தது தப்பாம்மா?”

“தப்பில்ல. நானுந்தானே சரின்னேன். அந்தப் புள்ள பொழச்சுருச்சு.”

அவருக்கு மூச்சு வந்தது. துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். அம்மா குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

“கடைசியா என்னண்ணே கேட்டாரு?”

குற்றாலிங்கம் வாயைத் திறந்தார். ஒன்பது நாளாக அந்தப் பத்தடி தூரத்தை அவர் நடக்கவே இல்லை.